கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி

வயது வந்தவர்களின் கண்குழியில் அரிதாகவே கட்டி வளர்கிறது. எந்தக் கட்டியை வெட்டிப் பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதைக் கத்தி எடுக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் அது வலியோடு தொடங்குவதில்லை. நாற்பதைத் தாண்டிய பெண் ஒருவர் கண்ணாடி முன் நின்று மை தீட்டும்போது ஒரு கண் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. தூக்கம் போதவில்லை என்று வீட்டில் சமாதானம் சொல்கிறார்கள். சில மாதங்களில் செய்தித்தாள் படிக்கச் சிரமமாகிறது. மூக்குக் கண்ணாடிக் கடையில் அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் பவரைக் கூட்டித் தருகிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் கூட்டுகிறார்கள். கடைசியில், வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவினர் யாராவது ஒருவர்தான், "கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மில்லிமீட்டர் கணக்கில் நிகழும் மாற்றம் தெரிவதில்லை.

கண்குழிக் கட்டியோடு வரும் பல நோயாளிகளின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கண் உண்மையில் பெரிதாகவில்லை. பின்னாலிருந்து ஏதோ ஒன்று அதை முன்னே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்று தைராய்டு கோளாறால் வீங்கிய தசையாக இருக்கலாம். நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வளர்ந்த நீர்ப்பையாக இருக்கலாம். பத்து ஆண்டுகள் அப்படியே விட்டாலும் உயிருக்குக் கேடு செய்யாத ரத்தக் குழாய்க் கட்டியாக இருக்கலாம். நரம்பின் வழியே மூளையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் புற்றாகவும் இருக்கலாம். வெளியே தெரியும் அடையாளம் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே. கண்டுபிடிக்கும் வழியில் வரிசை தவறினால், குணப்படுத்தியிருக்கக்கூடிய கட்டிகூட குணப்படுத்த முடியாததாகிவிடும் என்பதுதான் இந்த நோய்களின் விசேஷமான ஆபத்து.

கண்குழி என்பது ஏழு எலும்புகள் சேர்ந்து உருவாக்கிய கூம்பு. முன்புறம் மட்டுமே திறப்பு. அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேஜைக்கரண்டி. விழிக்கோளம் இதில் கால் பங்கு இடத்தைக்கூட முழுதாக அடைத்துக்கொள்வதில்லை. விழியை அசைக்கும் ஆறு தசைகள், மேல் இமையைத் தூக்கும் தசை, பார்வை நரம்பு, ரத்தக் குழாய்கள், கண்ணீர்ச் சுரப்பி ஆகியவை போக மீதி இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. எலும்புச் சுவர்கள் விரிந்து கொடுப்பதில்லை. எனவே உள்ளே எது வளர்ந்தாலும் கண் முன்னே நகர்வதைத் தவிர வேறு வழியில்லை.

பார்வை நரம்பு விஷயத்தில் இயற்கை ஒரு தாராளம் காட்டியிருக்கிறது. விழியின் பின்புறத்துக்கும் கூம்பின் நுனிக்கும் இடையே உள்ள தூரத்தைவிட நரம்பு சில மில்லிமீட்டர் நீளம் அதிகம். இழுத்துக் கட்டாத கொடிக்கயிறு போல அது சற்றுத் தொய்ந்து வளைந்து கிடக்கிறது. விழி மெல்ல மெல்ல முன்னே வந்தாலும் நரம்பு இழுபடாததால் பார்வை உடனே குறைவதில்லை. நோயாளியும் அவசரப்படுவதில்லை. ஆனால் இதே கட்டி கூம்பின் குறுகிய நுனியில் முளைத்தால் நிலைமை தலைகீழ். அங்கே பட்டாணி அளவு வளர்ச்சிகூட நரம்பை நெரித்துவிடும். கண் பிதுங்கியது என்று யாரும் கவனிப்பதற்கு முன்பே பார்வை போகத் தொடங்கிவிடும்.

கண் எந்தப் பக்கமாகத் தள்ளப்படுகிறது என்பது முதல் துப்பு. தசைகள் அமைத்த கூம்புக்குள் கட்டி இருந்தால் கண் நேராக முன்னே வரும். புருவத்தின் வெளி மூலையில் உள்ள கண்ணீர்ச் சுரப்பியில் கட்டி என்றால் கண் கீழ்நோக்கியும் மூக்குப் பக்கமாகவும் இறங்கும். மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளிலிருந்து எதாவது உள்ளே புகுந்தால் கண் காதுப் பக்கம் ஒதுங்கும். குனிந்தாலோ மூச்சை அடக்கி முக்கினாலோ மட்டும் கண் பிதுங்கினால், சிரை ரத்தக் குழாய் ஒன்று புடைத்திருக்கக்கூடும். விழி நாடியோடு சேர்ந்து துடித்தால் மருத்துவர் இமை மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். இரைச்சல் கேட்டால் தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கே பயாப்ஸி எடுக்க முனைந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இந்தப் பரிசோதனைகளில் எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயாளியை உட்கார வைத்து, பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து கீழே பார்த்தால் எந்தக் கண் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அளப்பதற்கு, ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெர்டெல் 1905இல் வடிவமைத்த அளவுகோல்தான் இன்றும் பயன்படுகிறது. கண்குழியின் வெளி விளிம்பிலிருந்து கருவிழி முனை எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதை அது காட்டும். இரண்டு கண்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். கண்களில் மாறி மாறி டார்ச் அடித்துப் பாப்பா சுருங்குவதைப் பார்ப்பதும், சிவப்பு நிற மூடி ஒன்றைக் காட்டி இரு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா என்று கேட்பதும் பார்வை நரம்பின் நிலையைச் சொல்லிவிடும். நெற்றியிலும் கன்னத்திலும் பஞ்சால் தொட்டு மரத்துப்போயிருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. மரத்துப்போயிருந்தால், கட்டி நரம்பைத் தின்கிறது என்ற சந்தேகம் வலுக்கும்.

பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்வதும் அனுபவமுள்ள மருத்துவர்களின் வழக்கம். கல்யாண ஆல்பம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அடையாள அட்டை என எதுவானாலும் சரி. போன மாதம்தான் ஆரம்பித்தது என்று நோயாளி சத்தியம் செய்வார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் வேறு கதை சொல்லும்.

கண்குழி நோய்களில் காலத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து வந்த கறுப்புப் பூஞ்சை நோய் இதை நாட்டுக்கே காட்டியது. அந்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அது பிடித்தது. சர்க்கரை நோயாளிகளும் ஸ்டெராய்டு மருந்து பெற்றவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டனர். சைனஸிலிருந்து கண்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் பூஞ்சை பரவ ஓரிரு நாள் போதுமானதாக இருந்தது. சாதாரண சீழ்த் தொற்றும் நாள் கணக்கில் முற்றும். புற்றுகள் பொதுவாக மாதக் கணக்கு. சாதுவான கட்டிகள் ஆண்டுக் கணக்கு. எத்தனை நாளாக இருக்கிறது, வலி உண்டா என்ற இரண்டே கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அந்த இரண்டு கேள்விகளின் அருமை கண்ணீர்ச் சுரப்பியில்தான் முழுதாகப் புரியும். பாதாம் பருப்பு அளவே உள்ள இந்தச் சுரப்பியில் குணத்தில் நேர் எதிரான இரண்டு கட்டிகள் வளர்கின்றன. ஒன்று ப்ளியோமார்ஃபிக் அடினோமா. இது புற்று அல்ல. வலியில்லாமல் ஓராண்டுக்கும் மேலாக, சில சமயம் பல ஆண்டுகளாக வளர்ந்து, பக்கத்து எலும்பை அரிக்காமல் மெல்ல அழுத்தி வழவழப்பான குழி செய்துகொள்ளும். மற்றது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற கொடிய புற்று. நரம்பு இழைகளைச் சுற்றிக்கொண்டு அவற்றின் வழியே பரவுவது இதன் சுபாவம். அதனால் வலிக்கும். வரலாறு பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடங்கும். எலும்பு அரிபட்டிருக்கும்.

எந்தக் கட்டியானாலும் முதலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் மருத்துவத்தின் பொது விதி. கட்டி என்றதும் பயாப்ஸி எடுத்தார்களா என்று விசாரிக்கும் அளவுக்கு மக்களுக்கும் இது பழகிவிட்டது. ஆனால் ப்ளியோமார்ஃபிக் அடினோமாவில் அதுவே வினையாகிவிடுகிறது. மெல்லிய உறைக்குள் இருக்கும் இந்தக் கட்டியைக் கீறித் துணுக்கு எடுத்தால், சிந்திய அணுக்கள் கண்குழி முழுவதும் விதை போல இறங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் பல இடங்களில் முளைக்கின்றன. அவற்றில் சில புற்றாகவும் மாறுகின்றன. உறை உடையாமல் ஒரே துண்டாக எடுத்துவிட்டால் நோயாளி அநேகமாக முழுக் குணம் பெறுகிறார். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவிலோ கதை வேறு. அங்கே பயாப்ஸி கட்டாயம். பெரிய அறுவையா, கதிர்வீச்சா என்ற முடிவுகள் எல்லாம் அதன் முடிவு வந்த பிறகே.

ஒரே சுரப்பியில் ஒரு கட்டியை வெட்டிப் பார்க்கக் கூடாது, இன்னொன்றை வெட்டிப் பார்க்காமல் இருக்கக் கூடாது. எது எது என்பதோ வெட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் ஜான் ரைட்டும் அவரது சகாக்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிருக்கு வழி காட்டியது. நோய் எத்தனை காலமாக இருக்கிறது, வலி இருக்கிறதா, எக்ஸ்ரேயில் எலும்பு எப்படித் தெரிகிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே பெரும்பாலும் பிரித்துவிடலாம் என்பது அதன் சாரம். ஸ்கேன் யுகம் வந்த பிறகும் அந்த அளவுகோல் செல்லாக் காசாகவில்லை. மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சிப் பார்ப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை, ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டால் போதும் என்று வாதிடும் அறுவை நிபுணர்கள் இப்போது இருக்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் நடத்தும் விவாதம் அது. சிறிய ஊரில், இமைக்கு மேல் தட்டுப்படுகிற உருண்டையைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து உள்ளூர் மயக்க மருந்தில் கீறிவிடுபவருக்கு அது சாக்காக முடியாது.

இதற்கு நேர் மாறான தவறு, எதையும் வெட்டிப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது. கண்குழியில் காரணம் தெரியாத அழற்சி ஒன்று வருவதுண்டு. கண் சிவந்து, வலித்து, வீங்கிக் கட்டி போலவே தோன்றும். 1905இல் பிர்ஷ்-ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் இதற்குப் போலிக் கட்டி என்ற பொருளில் சூடோட்யூமர் என்று பெயரிட்டார். அதற்கும் வெகுகாலம் முன்பே இது பெரிய மருத்துவர்களை ஏமாற்றியிருக்க வேண்டும். 1841இல் மிலான் நகரில் ஆஸ்திரியத் தளபதி ராடெட்ஸ்கிக்குக் கண்ணுக்குப் பின்னால் வீக்கம் வந்தபோது, பார்த்த பேராசிரியர்கள் தீராத புற்று என்று கைவிரித்தார்கள். ஓமியோபதி மருத்துவர் ஒருவர் சிகிச்சை செய்ய, வீக்கம் வடிந்தது. தளபதி 1858 வரை, தமது 91ஆம் வயது வரை வாழ்ந்தார். ஓமியோபதியின் மகத்தான வெற்றியாக இது இன்றும் பேசப்படுகிறது. வந்தது புற்றே அல்ல என்று கொள்வதுதான் பொருத்தம்.

சூடோட்யூமர் ஸ்டெராய்டுக்குப் பணிந்துவிடும். ஓரிரு நாளிலேயே வலி குறைந்து கண் உள்ளே போகத் தொடங்கும். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் திருப்தி. ஆனால் வயதானவர்களின் கண்குழியில் அதிகம் காணப்படும் புற்றான லிம்ஃபோமாவும் ஸ்டெராய்டுக்கு முதலில் பணியும். சுருங்கும், நிறுத்தினால் திரும்பும். மறுபடி மாத்திரை, மறுபடி சுருக்கம் என்று மாதங்கள் கழியும். இதற்கிடையில் யாராவது விழித்துக்கொண்டு பயாப்ஸி எடுத்தாலும், மருந்தால் சிதைந்த அணுக்களை வைத்துக்கொண்டு நோய்க்குறியியல் நிபுணரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். இந்த லிம்ஃபோமாக்களில் பெரும்பாலானவை மெதுவாக வளரும் வகை. கண்ணின் வெள்ளை விழி மேல் இளஞ்சிவப்புத் திட்டாக எட்டிப் பார்ப்பதும் உண்டு. கண்குழியோடு நின்றிருந்தால் 24 கிரே அளவிலான கதிர்வீச்சிலேயே கட்டுப்படும். சிலருக்கு வெறும் 4 கிரே போதுமானதாக இருக்கிறது. இவ்வளவு எளிதாக அடங்கக்கூடிய புற்றைத் தெரியாமல் வளர்த்துக்கொண்டிருப்பதுதான் வேதனை. மருந்துச் சீட்டு இல்லாமலே ஸ்டெராய்டு வாங்க முடிகிற நாட்டில் இதற்கு மருத்துவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

அந்தப் போலிக் கட்டியின் அந்தஸ்தும் மாறிவருகிறது. இரண்டு கண்களின் கண்ணீர்ச் சுரப்பிகளும் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஒருசேர வீங்கிய நோயாளியைப் பற்றி மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் 1892இல் எழுதினார். ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய நோய் கணையம் முதல் கண்குழி வரை பல உறுப்புகளைத் தாக்குகிறது என்பது 2003க்குப் பிறகுதான் தெளிவாகியது. காரணம் தெரியாத அழற்சி என்று முன்பு மூட்டை கட்டி வைத்தவற்றில் ஒரு பகுதி இப்போது இந்தப் பெயரில் பிரிக்கப்படுகிறது. இதையும் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வயது வந்தவர்களில் கண் பிதுங்க மிகப் பொதுவான காரணம், ஒரு கண் ஆனாலும் இரு கண் ஆனாலும், தைராய்டு நோய்தான். மேல் இமை தூக்கிக்கொண்டு வெறித்துப் பார்ப்பது போன்ற தோற்றம் அதைக் காட்டிக்கொடுக்கும். முதல் சந்தேகம் அதன் மேல் விழுவது நியாயமே. ஆனால் ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருந்துகொண்டே கண் மட்டும் பாதிக்கப்படுவதுண்டு. தைராய்டு நோயாளி ஒருவருக்குத் தனியாகக் கட்டி வருவதும் உண்டு. இரண்டு திசையிலும் ஏமாற வாய்ப்பிருக்கிறது என்பதால், ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தே தீர்ப்பு எழுதுவது சரியல்ல.

மேலைநாட்டுப் பாடநூல்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும் சில நோய்களை இந்திய மருத்துவர் மறக்க முடியாது. நாடாப்புழுவின் முட்டைகள் சரியாகக் கழுவாத கீரை, காய்கறி, அசுத்தமான நீர் வழியே உடலுக்குள் போவதால் சுத்த சைவருக்கும் அந்த நோய் வரும். கண்ணை அசைக்கும் தசைக்குள் புழுவின் நீர்ப்பை தங்கினால் கண் வீங்கி இரட்டைப் பார்வை ஏற்படும். ஸ்கேனில் வட்டமான பையும் அதற்குள் ஒரு புள்ளியும் தெரியும். புள்ளி, புழுவின் தலை. விழிக்குள்ளேயே புழு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அல்பெண்டசோலும் ஸ்டெராய்டும் கொடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும், கத்திக்கு வேலையில்லை. காசநோயும் கண்குழி எலும்பில் புகுந்து கட்டி வேஷம் போடுவதுண்டு.

ஸ்கேன் வந்திராவிட்டால் இந்த இலாகாவே வளர்ந்திருக்காது. ஸ்விட்சர்லாந்தின் க்ரோன்லைன் 1888இல் கண்குழியின் வெளிச்சுவர் எலும்பைத் திறந்து கட்டியை எடுத்துவிட்டு எலும்பைத் திரும்பப் பொருத்தும் முறையை எழுதியபோது, உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் தெரியும். அடுத்த எண்பது ஆண்டுகளும் எக்ஸ்ரேதான் பெரிய துணை. அது எலும்பைக் காட்டும், கட்டியைக் காட்டாது. எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யில் பணிபுரிந்த பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் இயந்திரத்தில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. 1979இல் ஆலன் கார்மக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்குழியின் கொழுப்பு சி.டி.யில் கறுப்பாகத் தெரிவதால் அதற்குள் இருக்கும் கட்டி பளிச்சென்று எடுத்துக்காட்டும். எலும்பு அரிபட்டிருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பதற்கு இன்றும் சி.டி.தான். கட்டி மூளைப் பக்கம் போயிருக்கிறதா, பார்வை நரம்பு என்ன ஆனது என்பதற்கு எம்.ஆர்.ஐ. பல நோயாளிகளுக்கு இரண்டும் தேவைப்படுகிறது. கண்குழிக்கு என்று மெல்லிய அடுக்குகளாக எடுக்கச் சொல்லாமல், மூளைக்கு எடுக்கிற மாதிரி எடுத்த படத்தால் பிரயோசனம் குறைவு. செலவு செய்து ஒருமுறை எடுத்தவர் மறுபடியும் எடுக்க நேர்கிறது.

படமே தீர்ப்பாகிவிடும் நோயும் உண்டு. நடுவயதுப் பெண்களுக்கு அதிகம் வரும் பார்வை நரம்பு உறை மெனிஞ்சியோமா அப்படிப்பட்டது. வலியில்லாமல் ஒரு கண்ணின் பார்வை மங்கிக்கொண்டே போகும். ஸ்கேனில் நரம்பின் இரு புறமும் டிராம் தண்டவாளம் போல இரண்டு கோடுகள் தெரியும். உறையைக் கீறித் துணுக்கு எடுத்தால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடக்கூடும் என்பதால், படத்தை வைத்தே முடிவு செய்து, பார்வை குறைந்துகொண்டே போனால் துல்லியமான கதிர்வீச்சைச் சிறு சிறு தவணைகளாகக் கொடுக்கிறார்கள். முதலில் சொன்ன, கண்ணாடி பவர் மாறிக்கொண்டே போன பெண்ணின் கண்ணுக்குப் பின்னால் இருப்பது அநேகமாக வேறொன்று. கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா எனப்படும் அது நடுவயதில், பெண்களுக்கு அதிகமாக வரும் ரத்தக் குழாய்க் கட்டி. பின்னாலிருந்து விழியை அமுக்கித் தட்டையாக்குவதால்தான் பவர் மாறுகிறது. ஸ்கேனில் கோலிக்குண்டு போல உருண்டையாகத் தெரியும் அதை, தொந்தரவு இல்லாவிட்டால் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். பார்வையைப் பாதித்தால் எடுத்துவிடலாம். கண்ணாடிக் கடைக்கும் ஸ்கேன் மையத்துக்கும் இடையே அவர் தொலைத்த ஆண்டுகள்தான் நஷ்டக் கணக்கு.

வேறு உறுப்பிலிருந்து வந்து இறங்கும் புற்றுகளில் கேள்வி கேட்கும் விதமே முக்கியமாகிவிடுகிறது. பெண்களுக்குக் கண்குழியில் வந்து சேரும் புற்றுகளில் மார்பகத்திலிருந்து வருவதே அதிகம். கண் மருத்துவரிடம் வந்த பெண், பல ஆண்டுகளுக்கு முன் செய்த மார்பக அறுவையைத் தானாகச் சொல்ல மாட்டார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பார், கூட வந்திருக்கும் மகன் முன்னால் பேசவும் கூசுவார். சிலருக்கோ மார்பில் கட்டி இருப்பதே கண் சொல்லித்தான் தெரிய வருகிறது. மார்பகப் புற்றில் நார் நாராக இறுகும் ஒரு வகை கண்ணை முன்னே தள்ளாமல் உள்ளே இழுத்துவிடும். அப்போது குழி விழுந்த கண்ணில்தான் நோய் இருக்கிறது என்பதை அறியாமல், நல்ல கண்ணைப் பிதுங்கிய கண் என்று எண்ணி அதையே சோதித்துக்கொண்டிருக்கும் அபத்தமும் நேரலாம். ஆண்களில் நுரையீரலும் ப்ராஸ்டேட் சுரப்பியும் இதே போல் தேட வேண்டிய இடங்கள்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. டெல்லி எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 1967இலும் மதுரை அரவிந்த் 1976இலும் சென்னை சங்கர நேத்ராலயா 1978இலும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 1987இலும் தொடங்கப்பட்டவை. கண்குழி நோய்களுக்கு என்றே பயிற்சி பெற்றவர்கள் இங்கெல்லாம் இருக்கிறார்கள். ஆனால் 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் ஆரம்பித்த காலத்திலிருந்தே நாட்டின் கண் மருத்துவம் கண்புரையைச் சுற்றியே கட்டப்பட்டது. லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை தந்த அந்தத் திட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும், புரை முற்றிவிட்டதா என்று பார்க்கப் பழகிய முகாமில், புரையும் இருந்து கண்ணும் மூன்று மில்லிமீட்டர் முன்னே நிற்கும் முதியவர் அறுவை முடிந்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட முடியும். பார்வை தெளியாவிட்டால் விதி என்று இருந்துவிடுவார்.

பயாப்ஸி எடுப்பது என்று முடிவான பிறகும் அவசரத்துக்கு இடமில்லை. லிம்ஃபோமா சந்தேகம் என்றால் திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது. ஒரு பகுதி ஈரமாக, புதிதாக ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு அறுவை மருத்துவர் முதல் நாளே நோய்க்குறியியல் நிபுணரிடம் பேசியிருக்க வேண்டும். அறுவை அரங்கிலேயே திசுவை உறைய வைத்துப் பார்க்கும் அவசரச் சோதனையை மட்டும் நம்பி, கண்ணையும் இமையையும் கண்குழித் திசுக்களையும் மொத்தமாக அகற்றும் பெரிய அறுவைக்குப் போகக் கூடாது என்பது இத்துறையின் பழைய பாடம். முறையான முடிவு வர நாளாகும். நோயாளியின் குடும்பம் அந்த நாட்களைக் கஷ்டப்பட்டுத்தான் கழிக்கிறது. எடுத்த கண்ணைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று உறுதியானால்கூட, இப்போது எல்லோருக்கும் கண்ணை எடுத்துவிடுவதில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் முறையைப் பல மையங்கள் தேர்ந்தெடுக்கின்றன. இந்தப் புற்று பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டக்கூடியது என்பதால் நோயாளியின் ஃபைல் எந்த நாளும் மூடப்படுவதில்லை.

நுண்ணோக்கியின் கீழும் எல்லாம் தெளிவாகிவிடுவதில்லை. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா சல்லடை போல ஓட்டை ஓட்டையாகத் தெரிந்து எளிதில் அடையாளம் காட்டும். கதிர் வடிவ அணுக்கள் நிறைந்த கட்டிகள் அப்படியல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவற்றில் ஒன்றை ஹீமாஞ்சியோபெரிசைட்டோமா என்றும் இன்னொன்றை ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்றும் பார்ப்பவரைப் பொறுத்து எழுதினார்கள். இவற்றில் பல, சாலிடரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்ற ஒரே கட்டியின் பல முகங்கள் என்பது இப்போது தெரிகிறது. இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதே அதன் காரணம் என்று 2013இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டாட்6 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் அணுக்களின் உட்கரு பழுப்பாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். சாதுவாகத் தோன்றினாலும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பி வரக்கூடிய கட்டி அது.

அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டோடு மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்த, தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய கட்டை. வெயிலில் வைக்காமல், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ரயிலில் கைப்பையில் வைத்து நோயாளிகள் அதை ஊர் விட்டு ஊர் எடுத்துப் போகிறார்கள். பழைய கட்டையிலிருந்து மறுபடியும் ஒரு சீவல் எடுத்துப் புதிய சாயம் ஏற்றியபோது கட்டியின் பெயர் மாறி, இனி வர வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் ஆண்டுக்கொருமுறை ஸ்கேனுக்கு வர வேண்டியவராகிவிடுகிறார்.